கோயில் வீடு யாருக்கு?

எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால், மதிலோடு ஒட்டி, இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள சின்ன வீடு ஒன்று இருக்கிறது. கோயிலைக் கூட்டி மணி அடித்துக்கொண்டிருந்தவர் குடும்பத்தோடு அதில் இருந்தார். அவருக்கு மூட்டு வருத்தம் கூடி, கொழும்புப் பக்கம் இருக்கும் மகளிடம் போய்விட்டார். அதற்குப் பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை வாடகைக்கு எடுப்பதே பெரும்பாடு. அப்படியான இடத்தில் முழு வீடு ஒன்று சும்மா கிடந்தது பலருடைய கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதை வைத்து, கோயிலைச் சேர்ந்த எங்கள் பங்கு மக்கள் இரண்டாகப் பிரிவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை.

நான் ஒரு இரும்புச் சாமான் கடையில் பில் போடுகிறேன். கணவர் கட்டாரில் இருக்கிறார். எங்கள் பங்கில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. பக்கத்து வீட்டில் தம்பி இருக்கிறான். அப்பா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்து, விலகும்போது கிடைத்த பணத்தில் வாங்கிய காணி அது. அதை இரண்டாகப் பிரித்து, நடுவில் இடுப்பளவு மதில் கட்டிக்கொண்டோம். தம்பி சாமான் ஏற்றுகிற சின்னப் பட்டா லொறி ஓட்டுகிறான். மலையக மக்களின் காணி உரிமைக்காகக் கூட்டம் போடுகிற ஒரு வட்டத்துக்குச் செயலாளரும் அவன்தான். நான் கோயிலில் ஏழைகளுக்கு உதவுகிற குழுவில் இருந்தேன். இரண்டு பேருக்கும் நாலு பேர் முன்னால் பேச வரும்.

இதற்கிடையில் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் கோயிலுக்கு வரத் தொடங்கியது. கடைசியில் இருந்து இரண்டாவது வாங்கில் உட்காருவார்கள். கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அந்தப் பெண் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்ததால், முஸ்லிம் ஆட்கள் ஏன் பூசைக்கு வருகிறார்கள் என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே மத விசயத்தில் அயலவர்களோடு ஏதோ பிரச்சினை வந்து, உயிருக்குப் பயந்து இங்கே வந்தவர்கள். வேறொரு நாடு ஏற்றுக்கொள்ளும் வரை காத்திருந்தார்கள். அகதி அட்டை இருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. பிள்ளைகளுக்குத் தாய்தான் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

நான் அவளோடு முதலில் கதைத்தது கோயில் திருநாள் சமையலில். யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து வெங்காயம் வெட்டினாள். அவளுக்குச் சந்தையில் பழகிய கொஞ்சம் சிங்களமும் கொஞ்சம் இங்கிலிஷும் தெரியும். என்னுடைய இங்கிலிஷும் அந்த அளவுதான். என்னை அக்கா என்று கூப்பிட்டாள். சிங்களத்திலும் தமிழிலும் அந்தச் சொல் ஒன்றுதான் என்பதால் அது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு தேநீர்க் கடைக்கு மேலே ஓர் அறையில் இருப்பதாகவும், கடைக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்பதால் அறையை விடச் சொல்லிவிட்டார் என்றும் அன்றைக்குத்தான் சொன்னாள். நான் போய் ஃபாதரிடம் சொன்னேன்.

ஃபாதர் அதைப் பங்குச் சபையில் வைத்தார். "கோயில் வீடு சும்மாதானே கிடக்குது. ஒரு ஆறு மாசத்துக்குக் குடுத்தா என்ன?" என்றார். நானும் அது அந்த நிமிடமே முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஆனால் அது பெருமழை பெய்த காலம். பன்வில பக்கம் மண்சரிந்து, லய வீடுகளின் சுவர்கள் வெடித்து, தோட்டத்து ஆட்கள் பாடசாலை மண்டபத்தில் இருந்தார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அரிசி, பருப்பு, உடுப்பு என்று சேர்த்து அனுப்பினோம். கொண்டுபோனது தம்பியின் லொறிதான். அவன் சபையில் எழும்பினான்.

"ஃபாதர், நான் யாரையும் வெறுத்துச் சொல்லல. நேத்துதான் போயிட்டு வந்தேன். நம்ம ஆளுங்க சிமெந்துத் தரையில படுத்திருக்காங்க. ஒரு குடும்பத்துல கைப்பிள்ளை வேற. இருநூறு வருஷமா தோட்டத்துல நமக்குன்னு ஒரு துண்டுக் காணி இல்ல. இருக்கிற ஒரு வீட்டையும் வெளிநாட்டு ஆளுக்குக் குடுக்கப் போறோமா?"

எனக்குச் சட்டென்று சூடேறிவிட்டது. "நம்மளயும் இந்த நாட்டுல வெளிநாட்டு ஆளுன்னுதானே சொன்னாங்க. அப்பாவ எத்தன பேரு கள்ளத்தோணின்னு கூப்பிட்டிருக்காங்க. நாமளே இன்னொருத்தர அப்படிச் சொல்லலாமா?"

"அப்பா எந்தத் தோணியிலயும் வரல அக்கா. அவரு இங்க பொறந்தவரு. அதக் காட்டத்தான் ஆயுசு முழுக்க அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி எறங்குனாரு. அவரயும் இவங்களயும் ஒண்ணாச் சேக்காதீங்க."

தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சம் என்பதால், எங்கள் அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தபோது அவருக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் நான் அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்றேன். அதே கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் தம்பி மற்றப் பக்கம் நின்றான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இருக்கவில்லை. அது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது என்று நினைக்கிறேன்.

அன்று முடிவு எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வாரங்களில்தான் எல்லாம் மாறியது. பங்குக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் பூசை நேரமும் மரண அறிவித்தலும் பிறந்தநாள் பூக்களும்தான் வரும். இப்போது புதிதாக இரண்டு குழுக்கள் முளைத்தன. எங்களுடையதை ஓய்வுபெற்ற இங்கிலிஷ் டீச்சர் ஒருவர் தொடங்கினார். அதற்குத் 'திறந்த கதவு' என்று பெயர். அவர்களுடையது 'நம் மக்கள்'. நான் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எங்கள் குழுவில் நீளநீளமாக எழுதினேன். கை தட்டுகிற படங்கள் வரிசையாக விழும். கடையில் பில் போடுகிற நேரத்திலும் மனம் அதில்தான் இருந்தது.

தம்பியின் பக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். பூசை முடிந்து வெளியே நின்றபோது அவர் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, நான் மனச்சாட்சிப்படி சொல்லுறன். சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. என்ட பிள்ளையளும் வெளியில போனவைதான். ஆனா முறையாப் போனவை, விளங்குதோ?"

அவருடைய மூத்த மகன் ஏஜென்சிக்காரனை நம்பிப் போய், பனிக்குள் காட்டு வழியாக நடந்து எல்லை கடந்த கதையை நத்தார்ப் பண்டிகை விருந்துகளில் அவரே எங்களுக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நான் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் எங்கள் குழுவில் எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் குழுவில் வேறு கதை ஓடியது. அந்தப் பாகிஸ்தான்காரர் கோயிலைச் சுற்றி நின்று போனில் படம் எடுக்கிறார், ஏன் எடுக்கிறார் என்று கேட்டிருந்தார்கள். கோயில்களில் குண்டு வெடித்த நாடு இது. இப்படி ஒரு பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று அதை எழுதியவருக்கும் தெரியும். அந்த மனுஷன் மாதா சுரூபத்தைப் படம் எடுத்துத் தன் தாய்க்கு அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குள் போனை வெளியே எடுக்கவே இல்லை. அப்போது எங்கள் பக்கமும் சும்மா இருக்கவில்லை. தம்பியின் ஆட்கள் மண்சரிவைக் காட்டி அடுத்த தேர்தலுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று ஒருவர் போட்டார். அப்படி எதுவும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் நான் மறுத்து எழுதவில்லை.

இதற்கு முன்னால் டீச்சர் எந்த விசயத்தில் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதத்துக்குள் எல்லா விசயத்திலும் அவர் என்ன சொல்வார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. நான் என்ன சொல்வேன் என்பது அவருக்கும் தெரிந்தது. கோயில் கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பது பற்றிப் பொதுக் குழுவில் ஒரு கதை வந்தது. தம்பியின் ஆட்கள் பச்சை என்றார்கள். எங்கள் ஆட்கள் நீலம் என்றார்கள். கேட் என்ன நிறத்தில் இருந்தால் எனக்கு என்ன? ஆனாலும் நீலம் என்று எழுதினேன். பூசையில் உட்காருகிற இடங்களும் மாறின. அவர்கள் சூசையப்பர் சுரூபம் இருக்கிற பக்கம், நாங்கள் அந்தோனியார் பக்கம். யாரும் அப்படித் தீர்மானம் போடவில்லை, தானாக நடந்தது. பாகிஸ்தான் குடும்பம் வழக்கம்போலக் கடைசிக்கு முந்திய வாங்கில் உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் தம்பி வீட்டாரும் சேர்ந்து சாப்பிடுவது நின்றது. தம்பியின் மனைவி மட்டும் மதிலுக்கு மேலால் கறிச் சட்டியை நீட்டுவதை நிறுத்தவில்லை. ஒருநாள் நான் வாங்கத் தயங்கி நின்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் கோயில்ல கத்திக்கங்க," என்றாள். "மீன் கொழம்பு ஆறிடும். புடிங்க அண்ணி."

கடைசியில் ஃபாதர் பங்கு மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூப்பிட்டார். பாகிஸ்தான் குடும்பமும், தம்பி சொன்ன கைப்பிள்ளைக்காரப் பன்வில குடும்பமும் வந்து தங்கள் நிலையைச் சொல்லட்டும், அதற்குப் பிறகு முடிவெடுப்போம் என்றார். அந்தப் பாகிஸ்தான் பெண்ணைக் கூட்டி வருகிற பொறுப்பு என்னிடம் வந்தது. நான் வேலை முடிந்து தேநீர்க் கடைக்கு மேலே ஏறிப் போனேன். ஒரே அறை. கட்டிலுக்கு மேல் ஒரு சுருட்டிய மெத்தை, ஓர் அலுமாரி, மூலையில் காஸ் அடுப்பு. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏலக்காய் போட்டுப் பால் தேநீர் தந்தாள். நான் விசயத்தைச் சொன்னேன். நீ வந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் எழும்பி வெளியே படிக்கட்டில் போய் நின்றுகொண்டார். அவள் பாதி சிங்களத்திலும் பாதி இங்கிலிஷிலும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இதுதான்: ஊரில் எங்கள் தெருவிலும் இப்படி ஒரு கூட்டம் போட்டார்கள். எங்களுக்கு எதிராகப் பேசினவர்களும் இருந்தார்கள், எங்களுக்காகப் பேசினவர்களும் இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் எங்கள் வீடு எது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோயில் வீடு வேண்டாம் அக்கா. வாடகைக்கு ஓர் அறை இருந்தால் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கிற என் அண்ணன் வாடகை அனுப்புவார்," என்றாள்.

நான் இறங்கி வந்து பஸ்ஸுக்கு நின்றேன். கூட்டத்தில் பேசுவதற்கு மனதுக்குள் நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் அவளுக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். அவள் அந்த வீட்டைக் கேட்டாளா என்று யோசித்துப் பார்த்தால், கேட்கவே இல்லை. அறையை விடச் சொல்லிவிட்டார்கள் என்று மட்டும்தான் வெங்காயம் வெட்டும்போது சொன்னாள்.

கூட்டத்தன்று மண்டபத்தில் உட்காரக் கதிரை போதவில்லை. தம்பி முதலில் பேசினான், நன்றாகப் பேசினான். பன்வில குடும்பம் வரவில்லை, பாதை சரியில்லாததால் வர முடியவில்லை என்றான். பிறகு நான் எழும்பினேன். டீச்சர் எனக்குப் பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார்.

"நான் போய்க் கேட்டேன்," என்றேன். "அவங்க வர விரும்பல. கோயில் வீடும் வேணாம்னு சொன்னாங்க. வாடகைக்கு ஒரு அறை கெடச்சாப் போதுமாம். யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தம்பியின் ஆட்கள் கை தட்டினார்கள். அந்தக் கை தட்டல் எனக்குப் பிடிக்கவே இல்லை. தம்பி தட்டவில்லை, குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஏன் இதச் சொன்னீங்க? நீங்க யார் பக்கம்?"

"அவங்க சொன்னதச் சொன்னேன் டீச்சர்."

"அவங்களுக்கு என்ன தேவைன்னு அவங்களுக்கே விளங்காது. பயந்து போன ஆளுங்க. இது கொள்கைப் பிரச்சினை. நாம இன்னைக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு இன்னொரு குடும்பம் வந்தா என்ன செய்வோம்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கை உயர்த்தச் சொல்லி எண்ணினார்கள். வீடு மண்சரிவில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்று முடிவானது. வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், 'திறந்த கதவு' குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு மாதமாக நான் பேசிய ஆட்கள் எல்லோரும் அதில்தான் இருந்தார்கள். சோறு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். கட்டாருக்குக் கோல் எடுத்துக் கணவரிடம் சொன்னேன். "இங்க எங்களப் பத்தியும் இப்படித்தான் யாராவது எங்கயாவது கூட்டம் போட்டுக்கிட்டிருப்பாங்க," என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் தம்பி கோயில் வீட்டுச் சாவியோடு லொறியை எடுத்துக்கொண்டு பன்விலவுக்குப் போனான். பின்னேரம் லொறி வெறுமையாக வந்தது. நடந்ததை அவன் மனைவி மதிலடியில் நின்று சொன்னாள். அந்தக் குடும்பத்துப் பெண் அவனிடம், "டவுன்ல வந்து என்னாங்க செய்யிறது? இங்க தெனம் வேலைக்குப் போய்ப் பேரு விழலன்னா வேலையில இல்லன்னு எழுதிருவாங்க. கட்டப் போற வீட்டு லிஸ்ட்ல இருந்தும் எங்க பேர எடுத்துருவாங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடமும் இங்கதான்," என்று சொல்லியிருக்கிறாள். டவுனுக்கு வர விருப்பமா என்று அவர்களிடமும் யாரும் முன்பே கேட்டிருக்கவில்லை. தம்பியின் வட்டத்து ஆட்கள், இதை வெளியே விடவேண்டாம், சாவி நம்மிடமே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஃபாதர் மற்ற ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார் என்றிருக்கிறார்கள். தம்பி இரண்டு நாள் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் கொண்டுபோய் ஃபாதரிடம் கொடுத்துவிட்டான். என்ன சொல்லிக் கொடுத்தான் என்று எனக்குத் தெரியாது.

மாத முடிவு நெருங்கியது. நான் கடை முதலாளி ஹாஜியாரிடம் கேட்டேன். அவருக்குக் கடைக்குப் பின்னால் ஒரு மாடி இருந்தது. கீழே சாமான், மேலே இரண்டு அறை.

"எத்தின பேர் ஈக்கிறாங்க?" என்றார்.

"நாலு பேரு. ரெண்டு சின்னப் பொம்பளப் பிள்ளைங்க."

"எந்த ஊர் ஆக்கள்?"

சொன்னேன். பேனையைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். அவருக்கும் பயம் இருந்தது. வெளிநாட்டு ஆட்களை வைத்திருக்கிறார் என்று யாராவது ஒன்றைக் கிளப்பிவிட்டால் முதலில் முஸ்லிம் ஆளான அவருடைய கடையைத்தான் பார்ப்பார்கள்.

"பொலிசுல பதியோணும். அதுக்கு நானே போறன். வாடகை கொறைக்க ஏலாது தங்கச்சி, முன்பணமும் வேணும். படிக்கட்டுல சைக்கிள் வைக்கப்படாது."

உண்மையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. ஆனால் அட்டைகளின் பிரதிகளை எடுத்துக்கொண்டு அவரே பொலிசுக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். சாமான் ஏற்ற லொறி ஒன்று வேண்டும் என்று அவர் யாருக்கோ கோல் எடுத்தார். ஞாயிறு காலை தேநீர்க் கடை வாசலில் வந்து நின்றது தம்பியின் லொறி. கட்டுகஸ்தோட்டையில் ஹாஜியாருக்கு வழக்கமாக ஓடுகிறவன் அவன்தான் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தான். அந்தப் பாகிஸ்தான்காரரும் அவனும் அலுமாரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியில் இறக்கினார்கள். குறுகிய படி. நடுவில் மாட்டிக்கொண்டது. "மெதுவா, மெதுவா" என்று தம்பி தமிழிலும், அவர் தன் பாஷையிலும் சொல்லிக்கொண்டு ஒருமாதிரி இறக்கிவிட்டார்கள். சின்னப் பிள்ளை முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தது. தம்பி அவளிடம் பெயர் கேட்டான். அவள் சொன்னது விளங்காமல் மறுபடி கேட்டான்.

எல்லாம் ஏற்றி இறக்கி முடிந்த பிறகு, கடைவாசல் குழாயில் கை கழுவிக்கொண்டே சொன்னான்: "நான் சொன்னது சொன்னதுதான் அக்கா. கோயில் வீடு தோட்டத்து ஆளுங்களுக்குத்தான் போகணும்."

"சரி."

"சாமான் ஏத்துறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

அவன் ஹாஜியாரிடம் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். கோயில் கதை எதுவும் எடுக்கவில்லை.

கோயில் வீட்டில் இப்போது திருநாள் மூங்கில்களும் உடைந்த கதிரைகளும் கிடக்கின்றன. இரண்டு கட்சிகளும் கலையவில்லை. வீட்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆனால் தமிழ்ப் பூசை ஆறரைக்கா ஏழுக்கா, பாடகர் குழுவுக்கு யார் பொறுப்பு என்று எது வந்தாலும் அதே ஆட்கள் அதே பக்கங்களில் நிற்கிறார்கள். ஏன் அந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. டீச்சர் என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அது எனக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. நான் எந்தக் குழுவிலும் இல்லை. பாகிஸ்தான் குடும்பம் இன்னும் ஹாஜியார் மாடியில்தான் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு நாட்டிலிருந்தும் பதில் வரவில்லை. படிக்கட்டில் எண்ணெய் வாசம் என்று ஹாஜியார் அவ்வப்போது என்னிடம் முறைப்பாடு சொல்கிறார்.

போன மாதம் பன்விலவுக்குத் தகரம் ஏற்றிப் போகும்போது தம்பி என்னையும் கூப்பிட்டான். கோயில் வீடு வேண்டாம் என்ற பன்விலப் பெண்ணை முதன்முதலாகப் பார்த்தேன். தற்காலிகக் குடிசை, ஆனால் முற்றத்தைச் சுத்தமாகக் கூட்டி வைத்திருந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பிளேன்டீ தந்தாள். தம்பி தகரத்தை இறக்கப் போன நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த வெளிநாட்டு ஆளுங்களுக்கு வீடு கெடச்சிச்சாங்க?"

"கெடச்சிருச்சு. வாடகைக்கு ஒரு மாடி."

"பிள்ளைங்க இருக்காமே?"

"ரெண்டு பொண்ணுங்க."

"அவங்க என்னா பாஷைங்க பேசுவாங்க? நீங்க எப்பிடிப் பேசுவீங்க அவங்ககிட்ட?"

அரைகுறைச் சிங்களத்தில் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவர்கள் சோறு சாப்பிடுவார்களா, ரொட்டிதானா என்று கேட்டாள். இரண்டும் சாப்பிடுவார்கள், ரொட்டி நம்முடையதைவிட மெல்லிசாக இருக்கும் என்றேன். எவ்வளவு மெல்லிசு என்று கேட்டாள். நான் விரலால் காட்டினேன்.